கூரை யாரோடது, மனை யாரோடது?

தஞ்சை பெரிய கோயிலைப் பாத்துட்டு, அந்த ஊர்ல எல்லாரும் கல் வீட்லதான் இருந்தாங்கன்னு நினைச்சுடாதீங்க. டெல்டா முழுக்க வண்டல் மண். 1010-ல் முடிஞ்ச அந்தக் கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. வயல்ல உழைச்சவங்க வீடுன்னா மண் சுவர், மூங்கில், மேலே தென்னங்கீற்று, இல்லேன்னா வைக்கோல். வெயிலுக்குக் குளுமைதான். ஆனா என்னால அதை வெறும் கட்டடக்கலையா ரசிக்க முடியல. பண்ணையாட்களோட குடிசை நின்ன மனை மிராசுதாரோடது; கூலி கூடக் கேட்டா, இடத்தைக் காலி பண்ணுன்னு மிரட்டலாம்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலியா கூடுதல் நெல் கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்கள் மேல தாக்குதல். ஒரே குடிசைக்குள்ள பதுங்கின 44 பேர் எரிச்சுக் கொல்லப்பட்டாங்க. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை அவருக்கே சொந்தம்னு ஆச்சு. கூரை என்னவோ அதே கீற்றுதான்.