ஒயர் கூடை பின்னிய மேலூர்

கம்பளி நூலையும் இரண்டு ஊசிகளையும் எடுத்துவைத்துக்கொண்டு ஸ்வெட்டர் பின்னுகிற பழக்கம் மதுரைச் சீமையில் வேர் பிடிக்கவில்லை. மார்கழிப் பனிக்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும் என்கிற ஊர் மேலூர். ஆனால் வேலை ஓய்ந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுக்கு ஆகிற ஒரு பொருளைக் கையால் பின்னி எடுக்கும் ஆசை இங்கே ஒரு தலைமுறைப் பெண்களை விடாமல் பிடித்திருந்தது. அவர்கள் பின்னியது ஒயர் கூடை. மதுரையின் கைத்தொழில் என்றால் சுங்குடிச் சேலையைச் சொல்வார்கள், கைத்தறியைச் சொல்வார்கள். கூடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒயருக்கு முன்னால் ஓலை இருந்தது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டு, கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்தபின் மேலூர்ப் பக்கம் நெல் விளையும் பூமியானது. நெல்லை அள்ளக் கடகப்பெட்டி, விதை வைக்க ஓலைப்பெட்டி, வெற்றிலை பாக்குக்குக் கொட்டான், சுமை தூக்க ஈச்சங்கூடை என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பின்னல் இருந்தது. பனை மரம் கண்மாய்க் கரையில் நின்றது; ஓலைக்குக் காசு கிடையாது. கிழக்கே செட்டிநாட்டில் கொட்டான் பின்னுவது ஏறக்குறைய அற்றுப்போன சமயத்தில் விசாலாட்சி ராமசாமி முனைந்து அதை மீட்டெடுத்தார். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. எங்கள் பக்கத்து ஓலைப்பெட்டிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. பிளாஸ்டிக் குடமும் தகர டப்பாவும் வந்ததும் அது அடுப்படியை விட்டு வெளியேறிவிட்டது.

ஊசியும் நூலும் கொண்டு பின்னும் கலை வந்தது வேறு வழியில். 1819இல் நாகர்கோவிலில் மிஷனரி மீட்டின் மனைவி, மீட் அம்மையார், பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டு வந்து சேர்ந்த மார்த்தா மால்ட், 1821 வாக்கில் அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைகளாக இருந்த குடும்பத்துப் பெண்கள் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். கைவேலையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கித் தள்ளுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சேதியைத்தான். மார்த்தாவின் மகள் எலிசா 1844இல் மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது.

மதுரைக்கு 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷன் வந்தது. பின்னாளில் மேலூரும் அதன் ஒரு நிலையமானது. மிஷன் பெண்கள் பள்ளிகளில் தையல் ஒரு பாடம். காலராவுக்கும் வெயிலுக்கும் ஆற்றாமல் இதே மிஷன்காரர்கள்தான் 1845இல் கொடைக்கானல் மலையில் வீடு கட்டிக் குடியேறினார்கள். திண்டுக்கல் மாவட்டம் பிரிந்த 1985 வரை கொடைக்கானலும் மதுரை மாவட்டம்தான். ஒரே மாவட்டத்துக்குள் கம்பளிக்கு மலையில் வேலை இருந்தது, கீழே பருத்தி நூலுக்குத்தான் வேலை. சமவெளியில் தங்கியது குரோஷா. கொக்கி ஊசி ஒன்று, நூல்கண்டு ஒன்று, அவ்வளவுதான் முதலீடு.

பள்ளியில் கைத்தொழில் வகுப்பு என்று தனியாக ஒரு மணி நேரம் இருந்தது. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கையால் ஒரு தொழிலைச் செய்தபடியே படிக்கச் சொன்னது. அந்த எண்ணத்தில்தான் தக்கிளி பள்ளிக்கூடங்களுக்குள் வந்தது. என் அம்மா தக்கிளியில் நூல் நூற்றவர். என் காலத்தில் தக்கிளி அலமாரிக்குள் போய்விட்டது. டீச்சர் எங்களுக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்தார். மதுரைக்குப் போகிறவர்களிடம் காசு கொடுத்துவிட்டால் புதுமண்டபத்துக் கடைகளில் நூல் வாங்கி வருவார்கள். ரேடியோவுக்கு உறை, மேஜைக்கு விரிப்பு, வாசலுக்கு நிலைமாலை என்று பின்னினோம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை ரேடியோ உறை வேண்டும்? குரோஷா அத்தோடு நின்றுபோனதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

ஒயர் அப்படி இல்லை. எனக்கு விவரம் தெரிந்த எழுபதுகளின் கடைசியில் இரும்புச் சட்டத்தில் ஒயர் சுற்றிய நாற்காலியும் ஒயர் கட்டிலும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. ஒயர் கட்டுக் கட்டாகக் கடையில் தொங்கும். எங்கள் தெருவில் முதலில் பின்னக் கற்றவர் என் சின்னம்மா. அவரிடமிருந்து தெருவே கற்றுக்கொண்டது. புத்தகம் கிடையாது, வகுப்பு கிடையாது. கோடை விடுமுறையில் மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவோம். ஒருத்தி பின்னுவதை இன்னொருத்தி பார்ப்பாள், பிரித்துப் பார்ப்பாள், மறுபடி போடுவாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள் தாய்வீடு வரும்போது புது முடிச்சு ஒன்றையும் கொண்டுவருவாள். சாதா முடிச்சு, நெல்லிக்காய், பிஸ்கட், சிவன் கண் எல்லாம் இப்படித்தான் ஊர் ஊராகப் பரவின.

பின்னும் முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். கூடையின் உயரத்துக்கு ஏற்ப ஒயரை நாலு முழம், ஐந்து முழம் என்று அளந்து வெட்டிக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒரே நீளம். நுனியைச் சாய்வாக நறுக்கினால்தான் முடிச்சுக்குள் சுலபமாக நுழையும். இரண்டு ஒயர்களை நடுவில் மடித்து, ஒன்றின் காதுக்குள் இன்னொன்றை விட்டு இழுத்தால் சதுரமாக ஒரு முடிச்சு விழும்; நாலு பக்கமும் நாலு கால்கள் நீட்டி நிற்கும். அடுத்த ஒயரை அதன் ஒரு காலோடு சேர்த்து அடுத்த முடிச்சு. இப்படி வரிசை வரிசையாகப் போட்டு முடிப்பதற்கு அடி போடுதல் என்று பெயர். அடி முடிந்ததும் நீளமான ரன்னிங் ஒயரை எடுத்துச் சுற்றிச் சுற்றி வர, பக்கச் சுவர் எழும்பும். நிறம் மாற்றுவது இந்தச் சுற்றில்தான். கடைசியில் மிஞ்சிய நுனிகளை உட்பக்க முடிச்சுகளில் சொருகி மறைத்து, கைப்பிடி கட்ட வேண்டும்.

"அடி போடறதுதான் தாயி கூடை. மேல ஏத்துறத யாரும் ஏத்திருவாக" என்பார் சின்னம்மா. முதல் வரிசையில் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தால் சுவர் எழும்பும்போது கூடை ஒரு பக்கமாகக் கோணும். அதற்குப் பிறகு திருத்த முடியாது. பிரித்துத்தான் ஆக வேண்டும். விரல் நுனி சிவந்து, தோல் தடித்து, பிறகு பழகிவிடும். அந்தச் சீரான இறுக்கம் கைக்கு வந்த நாளில் எனக்கு வந்த பித்து இன்னும் தெளியவில்லை. இப்போதும் கையில் ஒயர் இல்லாமல் தொலைக்காட்சி முன்னால் என்னால் உட்கார முடியாது.

அந்தக் கூடை போகாத இடம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் தூக்குச்சட்டி அதில்தான் போனது. ரேஷன் சீனி, சந்தைக் காய்கறி, அழகர்கோவிலுக்குத் தேங்காய் பழம், கல்யாண வீட்டுக்குச் சீர் எல்லாம் அதில்தான். மதுரைப் பெரியாஸ்பத்திரி வாசலில் அந்த நாளில் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள்: பிளாஸ்க், டம்ளர், மாற்றுத்துணியோடு ஒயர் கூடை ஏந்தாத கை அபூர்வம். ஈரம் பட்டால் அழுகாது, கழுவினால் போதும், பத்து வருஷம் உழைக்கும். ஓலைப்பெட்டி செய்த வேலையை அது எடுத்துக்கொண்டது. குரோஷா கற்ற விரல்களுக்கும் வேலை கொடுத்தது. தெரிந்தவர்களுக்குப் பின்னிக் கொடுத்துக் கூலி வாங்கியவர்களும் உண்டு. கணவரிடம் கேட்காமல் செலவழிக்க ஒரு பெண் கையில் காசு இருந்தது என்றால் அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

தொண்ணூறுகளில் கடைக்காரரே இலவசமாகக் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் பைகள் கூடையைப் பரணுக்கு ஏற்றிவிட்டன. வெறுங்கையோடு கடைக்குப் போவது நாகரிகம் ஆனது. கண்மாய்க் கரையெல்லாம் அந்தப் பைகள் மண்டின. தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. பரணில் இருந்த கூடைகள் இறங்கின. ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், பிளாஸ்டிக்தான். ஆனால் பத்து வருஷம் கையில் இருப்பதும் பத்து நிமிஷத்தில் குப்பைக்குப் போவதும் ஒன்றாகாது. ஓலைக்குத் திரும்ப முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு முதலில் பின்னுகிற கை வேண்டும்.

அந்தக் கைகளுக்கு வயதாகிவிட்டது. சிவன் கண் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே ஒரு சிலர்தான் மிச்சம். இப்போது செல்போனில் காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், கற்கிறார்கள். ஆனால் இழுக்கும் இறுக்கத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னுகிறவர் விரலைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கூடை பின்னத் தெரிந்த அம்மாவோ அப்பத்தாவோ இருந்தால், இரண்டு கட்டு ஒயர் வாங்கிக்கொண்டு இந்தக் கோடையிலேயே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அடி போடுவதை மட்டும் முதலில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.