மடத்துக் கேணியும் கடற்கரை விடுதியும்

2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்குப் புகைவண்டி மீண்டும் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து கப்பல் வந்தது. மூன்றும் வந்து சேரும் இடம் தெல்லிப்பழையைச் சூழ்ந்த வலிகாமத்தின் வடபகுதியே. ஊர்பார்க்க வருவோர்க்கு 'இயற்கைக்கு இசைந்த கிராம விடுதி' அமைக்கவேண்டும் என்னும் பேச்சும் இவற்றோடு கூடவே வந்திறங்கியிருக்கிறது. வழிவந்தவனுக்கு இடங்கொடுத்தல் நம்மவர்க்குப் புதிய கலை அன்று. அதன் வரலாறு எவ்வழி வந்தது என்பதை ஒருகால் நோக்குவது நன்று.

யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் மடம் தனியே நின்றதில்லை. அருகே ஒரு கேணி. மாடு தன் உடலைத் தேய்த்துக்கொள்ள ஓர் ஆவுரோஞ்சிக்கல். தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கவும் ஏற்றவும் ஒரு சுமைதாங்கி. மேலே ஆலோ அரசோ தரும் நிழல். பருத்தித்துறையில் தெருவையே தன் கூரைக்குள் அடக்கி, இருபுறமும் கல்திண்ணை விரித்து நிற்கும் தெருமூடிமடத்தை இன்றும் காணலாம். கீரிமலையில் ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வந்தோரைச் சிறாப்பர் மடம் முதலியன தாங்கின. சுண்ணக்கல்லும் சுதையும் பனஞ்சலாகையும் அந்தந்த ஊரிலேயே கிடைத்தவை. கூரையிலிருந்து கழித்த பழைய ஓலை, தோட்டத்து மண்ணுக்குள் பசளையாய்ப் போயிற்று. வீணென்று எறிய ஒன்றும் எஞ்சவில்லை.

இச்சிக்கனத்தை முன்னோரின் பெருந்தன்மை என்று மட்டும் புகழ்ந்துவிட்டுப் போதல் தகாது. நிலமே அதனை வேண்டிற்று. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் ஓடிக் கோடையில் மறைவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையில் கொட்டித் தீர்ந்துவிடும். அம்மழைநீர் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புக்களுள் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கீரிமலையில் அலையருகே ஊறும் நன்னீர் அப்படையின் ஒரு கசிவேயாகும். அளவுமீறி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனுடைய கையும் காலுமே இறைப்புக்கு எல்லை வகுத்தன. அந்தக் கையும் காலும் பெரும்பாலும் எவருடையவை என்பதையும் மறந்துவிடலாகாது.

ஏனெனில் மடத்துத் திண்ணை எல்லார்க்கும் உரியதாய் இருந்ததில்லை. கிணறு தோண்டியவனே அதில் நீரள்ள முடியாதிருந்த சமுதாயம் நம்முடையது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. ஆயினும் 1968இல், இதே தெல்லிப்பழைப் பிரிவிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில், உள்ளே செல்லும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. மடத்தின் நீரறிவைப் போற்றுவோர் அதன் சாதியறிவையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பின்வந்த காலம் நிலத்தையே தோண்டியெடுத்தது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை பலருக்கு வேலை தந்தது உண்மை. நீரைத் தாங்கும் பாறையை வெட்டியெடுத்துப் பெரும் பள்ளங்களை விட்டுச் சென்றதும் உண்மை. 1990இல் போர் மூண்டபொழுது ஆலை நின்றது, ஊர்களும் வெறிச்சோடின. மக்கள் மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்காய்க் கிடந்தனர். 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியது. அதற்கு முன்னரே காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் உல்லாச விடுதியொன்று எழுந்துவிட்டது. தல்செவன என்பது அதன் பெயர். தமிழிற் 'பனைநிழல்' என்று பொருள். பனையின் நிழலை அநுபவிக்கத் தென்னிலங்கையிலிருந்து பயணிகள் வந்தார்கள். பனைக்கு உரியவர்களோ சில மைல் தொலைவில் தகரக் கொட்டிலில் இருந்தார்கள்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓரிடத்தில் ஊற்றியது வெடிப்பு வழியே ஊரெங்கும் பரவும் நிலம் இது. மலசலகூடக் குழியும் தோட்டத்து உரமும் கிணற்றுநீரில் நைத்திரேற்றை ஏற்றியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆகவே ஒரு விடுதி இயற்கைக்கு இசைந்ததா என்பதை அதன் ஓலைக்கூரையைப் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. மாணவருடன் கரும்பலகையிற் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கொன்று உண்டு. நூறு சதுர மீற்றர் கூரையில் ஓராண்டில் 1,25,000 லீற்றர் மழை விழுகிறது. ஆவியாவதையும் சிந்துவதையும் கழித்து ஓர் இலட்சம் லீற்றரைத் தொட்டியிற் சேர்த்தால், ஆளொன்றுக்கு நாள்தோறும் நூறு லீற்றராகப் பத்துப் பேர் நூறு நாள் தங்கலாம். பத்து மீற்றர் நீளமும் ஐந்து மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் உள்ள நீச்சற்குளம் ஒருமுறை நிரம்பவே 75,000 லீற்றர் வேண்டும். விருந்தினன் வாளியில் அள்ளிக் குளித்த நீர் வாழைக்குப் பாய்வதும், மலக்குழி அடியிலும் பக்கத்திலும் சீமெந்தால் இறுகப் பூசப்படுவதும் அலங்காரத்துக்கு முன்னர் வரவேண்டியவை. செம்மண் தோட்டத்தில் வெங்காயம் நடும் குடும்பமே இரண்டு அறையைக் கட்டி விருந்தினரை ஏற்குமாயின் அந்தக் கணக்கு அதற்குத் தானாகவே விளங்கும். கிணறு உவர்த்தால் அழிவது அதன் பயிரன்றோ! கொழும்பிலிருந்து முதலைக் கொண்டுவருபவனுக்கோ, கிணறு உவர்த்தால் வேறொரு கடற்கரை உண்டு.

பழைய மடங்களுக்குத் தருமசாதன உறுதி எழுதினார்கள்; எந்தக் காணியின் வருவாய் மடத்தைப் பராமரிக்கும் என்பது அதிற் குறிக்கப்பட்டிருந்தது. இன்று உறுதி கையிலிருந்தும் தம் வளவில் கால்வைக்க இயலாத குடும்பங்கள் வலிகாமம் வடக்கில் இன்னும் இருக்கின்றன. அங்கே விடுதிக்கு அநுமதி கேட்டு வரும் எவரிடமும் காணி எவருடையது, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் எத்தனை அடி என்னும் இரண்டு கேள்விகளையும் பிரதேச சபை முதலிற் கேட்கட்டும்.