முறிந்த எலும்பும் கல்கத்தாவின் இரண்டு வைத்தியங்களும்

1836ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மனிதப் பிணத்தின் மீது கத்தி வைத்த மதுசூதன் குப்தாவை, சாதிக் கட்டை மீறி மேலை மருத்துவத்தை இந்தியாவுக்குள் கொண்டுவந்தவர் என்றே பாடநூல்கள் நினைவுகூர்கின்றன. அவர் யார் என்பதைச் சொல்ல அவை மறந்துவிடுகின்றன. அவர் ஹூக்ளிப் பகுதி வைத்தியக் குடும்பத்தில் பிறந்தவர்; சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் படித்து அங்கேயே அதைக் கற்பித்தவர். பிணத்தை அறுத்த அதே காலத்தில், 1835-36இல், சுசுருத சம்ஹிதையை அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியரும் அவரே. ஹூப்பர் எழுதிய ஆங்கில உடற்கூறு நூலைச் சமஸ்கிருதத்தில் மொழிபெயர்த்ததும் அவர்தான். இந்த மூன்று வேலைகளும் ஒரு மனிதரிடம் முரணின்றிக் கூடியிருந்தன. ஆனால் அவர் வாழ்ந்த நகரத்தில், விபத்தில் அடிபட்டவரின் எலும்பைச் சேர்க்கும் அறுவை மருத்துவரும், பிறகு அவருடைய இறுகிய தோளையும் பிடித்த கழுத்தையும் கையால் இளக்கிவிடுபவரும் இன்றும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாமலேயே வேலை செய்கிறார்கள். கட்டுப் போடுபவர், சுளுக்கு எடுப்பவர், புதிதாக வந்த கைரோபிராக்டிக் காரர் என்று அந்தக் கைத்தொழிலுக்குப் பல பெயர்கள். இவற்றை மருத்துவமனையோடு சேர்க்கலாமா என்பது நேற்று முளைத்த கேள்வியைப் போலப் பேசப்படுகிறது. கல்கத்தாவுக்கு அது இருநூறு ஆண்டுக் கேள்வி. உடலின் உள்ளமைப்பை அறிந்த பிறகு கை வைத்த இடங்களில் இந்த இணைப்பு பலித்தது. அறியாமல் கை வைத்த இடங்களில் ஊனத்தைத் தந்தது. அந்த நகரின் வரலாற்றில் நான் காண்பது இதுவே.

மதுசூதன் அச்சிட்ட நூலில் இருந்தே தொடங்கலாம். எலும்பு முறிவைப் பன்னிரண்டு வகையாகவும் மூட்டு விலகலை ஆறு வகையாகவும் சுசுருதம் பிரிக்கிறது. இழுத்தல், அழுத்துதல், இருக்க வேண்டிய இடத்தில் பொருத்துதல், பிறகு மூங்கில் முதலிய மரங்களின் பத்தை வைத்துக் கட்டுதல் என்று வரிசை சொல்கிறது. கட்டு தளர்ந்தால் எலும்பு நிலைக்காது, இறுகினால் வீக்கமும் வலியும் வரும் என்று எச்சரிக்கிறது. கால், இடுப்பு, முதுகெலும்பு முறிந்தவரைப் பலகையில் கிடத்தி, அசையாதபடி முளைகள் அடித்துக் கட்டிவைக்கச் சொல்கிறது. எலும்பு கூடிய பிறகு அங்கத்தை மெல்ல மெல்ல அசைத்துப் பழைய இயக்கத்துக்குக் கொண்டுவருவதையும் அது வைத்தியரின் கடமையாகவே வைக்கிறது. முதலில் அசைவை நிறுத்துவது, பிறகு அசைவை மீட்பது என்ற இந்த வரிசையே இன்றைய எலும்பியல் வார்டின் வரிசையும். சுசுருதத்துக்கு இவை இரண்டு தொழில்கள் ஆகவில்லை. அதே நூல், வைத்தியன் ஆக விரும்புபவன் பிணத்தை நீரில் ஊறவைத்து அடுக்கடுக்காகப் பார்த்துக் கற்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

அடிபட்ட ஏழைக்கு என்று கல்கத்தாவில் கும்பெனிக் காலத்திலேயே ஓர் இடம் இருந்தது. 1790களில் நன்கொடை திரட்டித் தொடங்கிய நேட்டிவ் ஆஸ்பத்திரி, அறுவை வைத்தியம் தேவைப்பட்ட உள்ளூர் மக்களுக்கானது. தர்மதலாவில் நெடுங்காலம் இயங்கிப் பிறகு ஸ்ட்ராண்ட் சாலையில் மேயோ ஆஸ்பத்திரியாக மாறியது அதுதான். 1822இல் நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிட்யூஷன் தொடங்கியபோது, அதன் மாணவர்கள் இந்துஸ்தானியில் பாடம் கேட்டு, இத்தகைய மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் சமஸ்கிருதக் கல்லூரியிலும் மதரசாவிலும் மருத்துவ வகுப்புகள் வந்தன. சரகர், சுசுருதர், அவிசென்னா ஆகியோரோடு ஐரோப்பிய உடற்கூறும் கற்பிக்கப்பட்டது. வைத்திய மாணவர்கள் மனித எலும்புகளைக் கையில் எடுத்துப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான். இந்தக் கல்வியை ஆராய கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் 1833இல் ஒரு குழுவை அமைத்தார். டாக்டர் ஜான் கிராண்ட் தலைவர். டிரவெல்யனும் ராம்கமல் சென்னும் உறுப்பினர்கள். நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிட்யூஷனின் தலைவரான ஜான் டைட்லர் உள்நாட்டு மொழிகளுக்காக வாதாடித் தோற்றார். 1835 ஜனவரி 28 ஆணை மூன்று இடங்களின் மருத்துவ வகுப்புகளையும் மூடிவிட்டு, ஆங்கிலத்தில் மட்டும் கற்பிக்கும் மருத்துவக் கல்லூரியை நிறுவியது.

இந்த ஆணையைக் காலனியத்தின் வெட்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. வெட்டு உண்மைதான், பதின்மூன்று ஆண்டு முயற்சி ஒரு காகிதத்தில் முடிந்தது. ஆனால் வெட்டப்பட்டவர்கள் கையில் என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும். கவிராஜர்கள் எனப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காள ஆயுர்வேத வைத்தியர்கள் நாடி பார்ப்பதிலும் மருந்து கூட்டுவதிலும் வல்லவர்கள். அறுப்பதையும் கட்டுவதையும் அவர்கள் எப்போதோ கைவிட்டிருந்தார்கள். கொப்புளம் கீறுவது நாவிதரிடம் போயிருந்தது. எலும்பைச் சேர்ப்பது படிப்பறிவில்லாத குடும்பங்களிடம் பரம்பரை வித்தையாகத் தங்கியிருந்தது. சுசுருதத்தைப் படித்தவர் எலும்பைத் தொடவில்லை, எலும்பைத் தொட்டவர் சுசுருதத்தைப் படிக்கவில்லை. ஆக அறிவும் கையும் பிரிந்தது 1835க்கு முன்பே நடந்துவிட்டது. ஆணை செய்தது அந்தப் பிரிவைக் கல்லூரிச் சுவராக எழுப்பியதுதான். சுவரின் இருபுறமும் நின்று அதைத் தாண்டிய மதுசூதன் ஒரு விதிவிலக்காகவே போய்விட்டார்.

எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சுவரை இடிக்க முயன்றவர்களும் அதே மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களே. கல்கத்தாவில் எம்.பி. பட்டம் பெற்று, கவிராஜர் விஜயரத்ன சென்னிடம் ஆயுர்வேதம் கற்ற யாமினி பூஷண் ராய் 1916இல் அஷ்டாங்க ஆயுர்வேத வித்யாலயாவைத் தொடங்கினார். சல்லியம் எனப்படும் அறுவை வைத்தியம் உட்பட ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களையும் மீட்பது அதன் நோக்கம். நவீன உடற்கூறும் பாடத்தில் இருந்தது. இன்று அது அவர் பெயரிலேயே அரசு ஆயுர்வேதக் கல்லூரியாக வட கல்கத்தாவில் நிற்கிறது. அவரைப் போலவே இரண்டும் படித்த கணநாத சென், தற்கால உடற்கூறைச் சமஸ்கிருதத்தில் விளக்கும் ‘பிரத்யட்ச சாரீரம்’ நூலை எழுதினார். கண்ணால் கண்ட உடல் என்பது தலைப்பிலேயே அவர் வைத்த நிபந்தனை. 1925 மே மாதம் அஷ்டாங்க வித்யாலயாவின் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட வந்த காந்தி புகழ்ந்துவிட்டுப் போகவில்லை. வைத்தியர்கள் பழம்பெருமையில் வாழ்கிறார்கள், மேலை மருத்துவர்களிடம் உள்ள ஆராய்ச்சி மனப்பான்மை நம்மவர்களிடம் இல்லை என்று மேடையிலேயே கடிந்தார். கவிராஜர்கள் மனம் புண்பட்டார்கள். இருந்தும் காந்தி சுட்டியது, யாமினி பூஷண் நிரப்ப முயன்ற அதே பள்ளத்தைத்தான்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே கதை வேறு முடிவுகளோடு நடந்தது. 1867இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், எலும்பு கட்டுபவர்கள் குணப்படுத்தும் நோய்கள் சில உண்டு, மருத்துவர்கள் அவற்றைக் கற்க வேண்டும் என்று தம் சகாக்களுக்குச் சொன்னார். வேல்ஸின் பரம்பரை எலும்பு கட்டும் குடும்பம் ஒன்றில் பிறந்த ஹியூ ஓவன் தாமஸ் மருத்துவப் பட்டம் பெற்று லிவர்பூலில் தொழில் செய்தார். அவர் வடிவமைத்த கால்தாங்கியை அவருடைய மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போர்க்களத்துக்குக் கொண்டுசென்றார். தொடை எலும்பு முறிந்த வீரர்களின் சாவை அது பெருமளவு குறைத்தது. நவீன எலும்பியலின் ஒரு வேர், ஆக, நாட்டு வைத்தியர் வீட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்தது வேறு. 1895இல் அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட்டில் டேனியல் டேவிட் பால்மர், முதுகெலும்பின் ஒரு கண்ணியைத் தள்ளி ஒருவருக்குக் கேட்கும் திறனை மீட்டதாகச் சொல்லி, நோய்களில் பெரும்பாலானவை எலும்பு இடம் பிசகுவதால் வருவதே என்ற கொள்கையோடு கைரோபிராக்டிக்கைத் தொடங்கினார். மருத்துவ உலகம் கைரோபிராக்டிக் காரர்களோடு உறவாடுவதே ஒழுக்கக்கேடு என்று விதி செய்தது. அமெரிக்க மருத்துவ சங்கத்தின் அந்தப் புறக்கணிப்பு சட்டவிரோதம் என்று 1987இல் நீதிமன்றம் தீர்த்தது. பால்மரின் கொள்கைக்கு இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. அவருடைய வழிவந்த கைநுட்பம் இடுப்புவலிக்கு ஓரளவு உதவுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. கொள்கையைத் தள்ளிக் கையை மட்டும் ஏற்கலாம். அப்படி ஏற்கப்பட்ட கைத்தொழில்தான் பிசியோதெரபி. 1894இல் லண்டனில் மசாஜ் செய்யும் பெண்கள் சேர்ந்து அமைத்த சங்கத்தில் இருந்து வளர்ந்தது அது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதும்கூட. நிரூபணம் இல்லாததை மருத்துவமனையில் சேர்த்தால் போலிக்கு மரியாதை கிடைக்கும். விபத்துக் காயத்தில் இந்தச் சோதனைகளுக்கு இடமில்லை என்பார்கள். ஆபத்து கற்பனையல்ல. இறுக்கமாகக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தி, முன்கைத் தசை செத்து விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போவதை ரிச்சர்ட் வான் வோல்க்மன் 1881இலேயே விவரித்தார். நம் ஊர்களில் புத்தூர் கட்டை நம்பி எலும்பு கூடியவர்களும் உண்டு, இப்படிக் கை இழந்தவர்களும் உண்டு. கழுத்தை வெடுக்கென்று திருப்புவதால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததும் பதிவாகியிருக்கிறது. அரிது, ஆனால் மீட்க முடியாதது. விபத்தில் கழுத்தெலும்பு ஏற்கெனவே முறிந்திருந்தால் அந்த ஒரு திருப்பலே தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். அதனால்தான் 2001இல் வெளியான கனடா நாட்டு விதி, நினைவோடு இருக்கும் நோயாளிக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்பதை வயது, விபத்தின் வேகம் முதலியவற்றைப் பார்த்து முடிவு செய்கிறது. ஆபத்தின் அறிகுறி எதுவும் இல்லை என்றால் மட்டும், தானாகவே கழுத்தை இருபுறமும் 45 பாகை திருப்ப முடிகிறதா என்று கேட்கிறது. திருப்ப வேண்டியவர் நோயாளி. வைத்தியர் கை வைக்கக் கூடாது. இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது சொல்வது வரிசையைப் பற்றியது. கை வைத்தியமே கூடாது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

மறுபக்க ஆட்சேபமும் உண்டு: பெரிய மருத்துவமனை ஏழையை உள்ளே விடுவதில்லை, ஆகவே அவர் கட்டுக்காரரிடம் போகிறார், குற்றம் யாருடையது? கல்கத்தாவைப் பற்றிய நீதிமன்றப் பதிவே இதற்குச் சாட்சி. 1992 ஜூலையில் மதுராபூர் நிலையத்தில் ஓடும் ரயிலில் இருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்துச் சிகிச்சை பெற்றார். பஶ்சிம பங்க கேத் மஜ்தூர் சமிதி என்ற விவசாயத் தொழிலாளர் அமைப்பு தொடுத்த வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இருந்தாலும், மருத்துவமனையின் தவறு கட்டுக்காரரின் அறியாமையைத் திறமையாக மாற்றிவிடாது. அது அரசின் கடமையைக் கூட்டுகிறது, அவ்வளவே.

மத்திய அரசு முதல் வாசலைத் திறக்க முயல்கிறது. 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தின்படி சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்கும். உயிர் காக்க இது பெரிய காரியம். ஆனால் தொடை எலும்பு கூட மாதங்கள் ஆகும்; முழங்கால் மடங்கப் பிறகும் மாதங்கள் ஆகும். எட்டாம் நாள் வீடு திரும்பியவரை அடுத்து யார் தொடுகிறார் என்பதை அந்தத் திட்டம் கேட்பதில்லை. அந்த மாதங்களைத்தான் தெருவோர மசாஜ் காரரும் வீடியோவில் கழுத்து சொடுக்குபவரும் நிரப்புகிறார்கள். இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கு என்று தனிச் சட்டமோ பதிவுக் கவுன்சிலோ இல்லை. பயிற்சி பெற்றவரையும் பார்த்துப் பழகியவரையும் பிரித்தறிய நோயாளிக்கு வழியில்லை. மாற்று வழியின் மாதிரிகள் இதே நகரில் இருக்கின்றன. பிஷ்ணு சரண் கோஷ் 1923இல் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி, அவரவர் உடலுக்கு ஏற்ற ஆசனப் பட்டியலைத் தனித்தனியே வகுத்துத் தரும் மரபை வளர்த்தது. போன்ஹூக்ளியில் 1978இல் அமைந்த, உடல் இயக்கக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்தில் அறுவை, பிசியோதெரபி, செயற்கை உறுப்பு ஆகியவை ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. ஒரு நோயாளிக்கு ஒரே ஏடு, அதில் எல்லோரும் எழுதும் பழக்கம் என்பதே மதுசூதன் ஒருவரிடம் கூடியிருந்ததை ஒரு நிறுவனமாகச் செய்யும் வழி.

ஏழு நாள் திட்டத்தில் மறுவாழ்வுச் சிகிச்சையின் மாதங்களையும் அரசு சேர்க்க வேண்டும். கையால் வைத்தியம் செய்யும் எவரும் உடற்கூறு தேறிப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் செய்ய வேண்டும். அதுவரை, அடிபட்டு எழுந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் எங்கே போனாலும் எக்ஸ்ரே படத்தையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்காதவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.