இரண்டாம் வகுப்பு (தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்)

ஏழு வயதை ஒட்டிய பிள்ளைகள் படிக்கும் வகுப்பு. தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஆகியவை பாடங்கள். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் பயில்கின்றனர். ஒரே அறையில் ஒரு குழந்தை எழுத்துக் கூட்ட, பக்கத்தில் இன்னொன்று கதையே படித்து முடித்திருக்கும்.

சத்தம் அதிகம் கேட்பது கணக்கு நேரத்தில்தான். பத்துக் குச்சிகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால் ஒரு 'பத்து'; மிஞ்சியவை 'ஒன்றுகள்'. 34 என்றால் மூன்று கட்டு, நான்கு உதிரிக் குச்சி. அதிலிருந்து 8ஐ எடுக்க ஒரு கட்டை அவிழ்த்தே ஆகவேண்டும். கடன் வாங்கிக் கழித்தல், கரும்பலகையைவிட இந்த அவிழ்ப்பில் சீக்கிரம் பிடிபடுகிறது. புளியங்கொட்டையாலும் எண்ணுவார்கள்; அவற்றில் பாதி, பிள்ளைகளின் சட்டைப் பைக்குப் போய்விடும்.

தமிழில் சொல்வதெழுதுதல்தான் சோதனை: ல, ள, ழ மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்டால் கை தடுமாறும்.

முதல் மணிக்கு முன்பே நாள் தொடங்கிவிடுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என வகைகள் மாறி வரும்.