எட்டடி இடைவெளி

நான் பள்ளி படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே பழைய தெருக்களில் வீட்டுச் சுவர் தெரு ஓரத்திலேயே நிற்கும். 'அலீன்யமான்' என்பார்கள்: சுவர்களெல்லாம் ஒரே கோட்டில் வரவேண்டும். மரமும் கிணறும் சுவருக்கு உள்ளே. வேலை கிடைத்து 1970-களில் சென்னை வந்து தி. நகரில் நடந்தபோது, வீடுகள் தெருவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதாகத் தோன்றியது. முன்னால் மாமரம், பக்கத்தில் தென்னை. போகிற வருகிறவனுக்கும் நிழல்.

அந்த ஒதுக்கம் தானாக வந்ததல்ல. 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் மாம்பலம் பகுதியைத் தூர்த்து, நீதிக்கட்சி ஆட்சியில் 1923 வாக்கில் புது ஊர் அமைக்கத் தொடங்கினார்கள். 1925-ல் மறைந்த பிட்டி தியாகராயர் பெயர் ஊருக்கு. பனகல் அரசர் பெயர் நடுவிலிருந்த பூங்காவுக்கு. பச்சைப் பசேலென்ற குடியிருப்புக்காக ஓர் ஏரியையே மூடியிருக்கிறோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை! சுதந்திரத்துக்குப் பின் அடையாற்றில் கூட்டுறவுச் சங்கம் உருவாக்கிய காந்தி நகரும் இதே தோட்ட வீட்டு ஆசைதான்.

1971-ல் நகர் ஊரமைப்புச் சட்டம், 1975-ல் முதல் மாஸ்டர் பிளான். இது குடியிருப்பு, இது வணிகம் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டினார்கள். முன்னால் இவ்வளவு, பக்கத்தில் இவ்வளவு இடம் விட வேண்டும் என்றார்கள். மனையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்டடம் கூடாது என்பது நெடுநாள் விதி. 2019-ல் அதை இரண்டு மடங்காக்கினார்கள். பெரிய மனையில் கட்டுபவர் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக விட வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் அது 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்கு. எங்கள் ஒன்றேகால் கிரவுண்டை அது எட்டிக்கூடப் பார்க்காது. எங்களைப் போன்ற தெருக்களில் பச்சை என்று இருந்ததெல்லாம் வீட்டைச் சுற்றி விட்ட அந்தச் சில அடிகளில்தான்.

அதை யார் தின்றார்கள்? உஸ்மான் ரோடு கடைகளைக் கைகாட்டுவது சுலபம். மாமனார் கட்டிய வீட்டில் மேற்குப் பக்கம் எட்டடி இடம் இருந்தது. ஒரு கொய்யா மரமும் இருந்தது. 1994-ல் மகள் படிக்கத் தனி அறை வேண்டுமென்று மரத்தை வெட்டி, காம்பவுண்டுச் சுவர்வரை அறை போட்டேன். பிளான் அனுமதி வாங்கவில்லை. அரசாணைகளைப் படித்துப் படித்தே பணியாற்றியவன், விதி தெரியாது என்று சொல்ல முடியாது.

பிறகு சட்டத்தில் 113-ஏ என்றொரு பிரிவு சேர்ந்தது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தலாம். நானும் வரிசையில் நின்று கட்டினேன். அந்தக் கெடுவைத் தள்ளித் தள்ளிப் போட்டதை 2006-ல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2012-ல் 113-சி வந்தது. கெடு 2007 ஜூலை 1 ஆயிற்று. விதிப்படி இடம் விட்டுக் கட்டிய அடுத்த வீட்டுக்காரருக்கு எந்தப் பிரிவிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. என் சுவரால் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் காற்று நின்றுபோனது. அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது மைத்துனர்கள் வீட்டை புரமோட்டரிடம் கொடுக்கலாம் என்கிறார்கள். வாசல் வேப்பமரத்தை விட்டுவிட்டுக் கட்டும்படி கேட்டேன். அங்கேதான் சார் கார் பார்க்கிங் என்றார். என் கையெழுத்தும் வேண்டுமாம், இன்னும் போடவில்லை. இதைத் தட்டச்சு செய்வது அந்தக் கொய்யா மரம் இருந்த இடத்தில் உட்கார்ந்துதான். பகலிலும் விளக்கு போடவேண்டியிருக்கிறது.