பார்க்கிங்கில் தூங்கும் லாம்ப்ரெட்டா: மிலானிலிருந்து லக்னோ வரை

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்குக்குப் போனாலும், ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னால் தூசு படிந்த பழைய ஸ்கூட்டர் ஒன்று நிற்கும். டயர் இரண்டும் சப்பையாகிக் கிடக்கும். சீட்டின் மேல் யாரோ பழைய செய்தித்தாள் கட்டை வைத்திருப்பார்கள். சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் அதை நகர்த்த முடியாமல் சுற்றி அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். சங்கக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தால் "எடுத்துடச் சொல்லுங்க" என்று ஒரு பக்கம், "அப்பா ஓட்டின வண்டி சார்" என்று இன்னொரு பக்கம். கடைசியில் காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு ஒரு விலை சொல்வார்.

அந்த வண்டியின் முன்பக்கத்தில் லாம்ப்ரெட்டா, லாம்பி, விஜய் சூப்பர் என்ற மூன்று பெயர்களில் ஒன்று இருந்தால், விலை பேசுவதற்கு முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள். ஓட்டும் எண்ணம் இருந்தாலும் படியுங்கள். இந்த வண்டியைப் பொறுத்தவரை வரலாறு தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுத்தால் பணம்தான் வீணாகும்.

குழாய்த் தொழிலில் பிறந்த வண்டி

ஃபெர்டினாண்டோ இன்னொசென்ட்டி இத்தாலியின் பெஷியா ஊரில் 1891-ல் பிறந்தவர். எஃகுக் குழாய் வியாபாரம் செய்தவர். கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவதற்கு, குழாய்களை இணைக்கும் கிளாம்புகளோடு அவர் அறிமுகப்படுத்திய முறை அங்கே பெரும் புகழ் பெற்றது. மிலான் நகரின் லம்பிராத்தே பகுதியில் இருந்த அவருடைய தொழிற்சாலை இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் சேதமானது. போர் முடிந்தபோது சாலைகள் பழுதாகியிருந்தன, பஸ் ரயில் போதவில்லை, கார் வாங்க மக்களிடம் பணமில்லை. மலிவாக, வேலைக்குப் போய்வர, ஆணும் பெண்ணும் ஓட்டக்கூடிய ஒரு வண்டிக்குத் தேவை இருந்தது.

பியாஜ்ஜியோ நிறுவனம் 1946-ல் வெஸ்பாவைக் கொண்டுவந்தது. இன்னொசென்ட்டி 1947-ல் லாம்ப்ரெட்டாவைக் கொண்டுவந்தார். அந்தப் பகுதியில் ஓடும் லம்ப்ரோ ஆற்றின் பெயரிலிருந்து வந்ததுதான் வண்டியின் பெயர். இரண்டு வண்டிகளும் தூரத்தில் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் உள்ளே வேறு. வெஸ்பாவுக்குத் தனியாக ஃபிரேம் கிடையாது. தகட்டை அழுத்திச் செய்த உடம்பே அதன் எலும்பு, எஞ்சின் ஒரு பக்கமாகத் தொங்கும். லாம்ப்ரெட்டாவுக்கு நடுவில் கனமான எஃகுக் குழாய்தான் முதுகெலும்பு. குழாய் வியாபாரி செய்த வண்டி அல்லவா! எஞ்சின் நடுவில் இருக்கும். பக்கவாட்டுத் தகடுகள் வெறும் சட்டை மாதிரிதான், கழற்றி மாட்டலாம்.

இந்த வித்தியாசம் இன்றைக்கும் நமக்கு உதவும். வெளித் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்த லாம்ப்ரெட்டாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குழாய் வளையாமல், துருவில் அரிக்காமல் இருந்தால் வண்டிக்கு உயிர் இருக்கிறது. வெஸ்பாவின் வழியில் வந்த பழைய பஜாஜ் வண்டிகளில் உடம்புத் தகடே அரித்துப் போயிருந்தால் கதை வேறு.

பம்பாய் வழி, லக்னோ வழி

இந்தியாவுக்கு லாம்ப்ரெட்டா இரண்டு வழிகளில் வந்தது. முதல் வழி பம்பாய். ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சுருக்கமாக ஏ.பி.ஐ., 1950களில் இன்னொசென்ட்டியின் அனுமதியோடு இங்கே லாம்ப்ரெட்டாவைச் செய்யத் தொடங்கியது. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு யாருடைய பெயரோ, அந்த எம்.ஏ. சிதம்பரத்தின் குழுமத்துக்குப் பின்னாளில் இந்த நிறுவனம் வந்து சேர்ந்தது. முதலில் எல்.டி. என்ற மாடல், அதற்குப் பிறகு எல்.ஐ. 150 இரண்டாம் வரிசை. இத்தாலியில் அந்த இரண்டாம் வரிசை 1959 முதல் 1961 வரைதான் ஓடியது. நம் ஊரிலோ அதே அச்சில் பல ஆண்டுகள் வார்த்தார்கள். 1970களின் பிற்பகுதியில் பெயர் மட்டும் லாம்பி என்று மாறியது.

இரண்டாவது வழி லக்னோ. 1960களின் கடைசியில் இத்தாலியக் குடும்பங்கள் ஸ்கூட்டரை விட்டு ஃபியட் 500 போன்ற சின்னக் கார்களுக்கு மாறிவிட்டன. ஃபெர்டினாண்டோ இன்னொசென்ட்டி 1966-ல் காலமானார். 1971-ல் மிலானில் லாம்ப்ரெட்டா உற்பத்தி நின்றது. அப்போது இந்திய அரசு அந்த ஸ்கூட்டர் தொழிற்சாலையின் இயந்திரங்களை விலைக்கு வாங்கியது. 1972-ல் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனம் அமைந்தது. மிலானில் ஓடிய இயந்திரங்கள் கப்பல் ஏறி லக்னோவுக்கு வந்தன. 1975 முதல் அங்கிருந்து உள்நாட்டுக்கு விஜய் சூப்பர், வெளிநாட்டுக்கு லாம்ப்ரெட்டா ஜி.பி. என்று வண்டிகள் வெளியே வந்தன. 1997 வரை இது நடந்தது. கடைசி மிலான் மாடலைத் தாய்நாடு கைவிட்ட பிறகு கால் நூற்றாண்டு காலம் காப்பாற்றியது லக்னோதான்.

இங்கேதான் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிக்கு வரலாறு தேவைப்படுகிறது. ஏ.பி.ஐ. வண்டியும் லாம்பியும் இரண்டாம் வரிசையின் பருத்த, உருண்ட உடம்பு. விஜய் சூப்பர் ஒல்லியான, தட்டையான ஜி.பி. உடம்பு. எஞ்சினின் அடிப்படை ஒன்றுதான், ஆனால் தகடு, ஹேண்டில், விளக்கு எல்லாம் வேறு. இது தெரியாமல் "லாம்ப்ரெட்டா பாகம்" என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் பொருந்தாத பொருள்தான் கைக்கு வரும்.

உடனே உதைக்காதீர்கள்

இருபது, முப்பது ஆண்டு நின்ற வண்டியைக் கண்டதும் எல்லோருக்கும் கிக்கரை உதைத்துப் பார்க்கத் தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் துரு இருந்தால் பிஸ்டன் வளையங்கள் அந்த ஒரு உதையிலேயே சிலிண்டரைக் கீறிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் பலம் காட்டக் கூடாது, தலையைக் கழற்றிப் பார்ப்பதே நல்லது.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதை வடித்து, டேங்கின் துருவை நீக்கி, கார்புரேட்டரை முழுக்கப் பிரித்து ஜெட்களைச் சுத்தம் செய்ய வேண்டும். காற்றடித்துக் குளிரவைக்கும் எஞ்சின் என்பதால், ஃபிளைவீல் விசிறியின் மூடியையும் சிலிண்டரைச் சுற்றிய உறையையும் திறந்து பாருங்கள். எலிக்கூடும் குளவிக்கூடும் அங்கேதான் இருக்கும். காற்று போக வழியில்லாமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறி ஜாம் ஆகிவிடும்.

பலரும் கவனிக்காத பாகம் கிராங்க்கின் ஆயில் சீல். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் அழுத்தப்பட்டுத்தான் மேலே போகும். அந்த அறை காற்று புகாமல் இருக்க வேண்டும். பல வருடம் நின்றால் சீலின் ரப்பர் கெட்டியாகிவிடும். மேக்னெட்டோ பக்கம் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், கலவை மெலிந்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கியர் பக்கம் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாய்க் கக்கும். சீல் சின்னப் பொருள்தான். அதை மாற்றாமல் ஓட்டினால் சிலிண்டர், பிஸ்டன் என்று பெரிய செலவு வரும்.

சக்கரத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. லாம்ப்ரெட்டாவின் ரிம் இரண்டு பாதிகளை நட்டுப் போட்டு இணைத்தது. சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் நட்டு வேறு, இரண்டு பாதிகளையும் சேர்க்கும் நட்டு வேறு. டியூபில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால் ரிம் தெறித்து முகத்தில் அடிக்கலாம். முதலில் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். டயரில் பட்டை தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பரை நம்ப வேண்டாம். பிரேக் ஷூ, கேபிள்கள், ஒட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட்டுகள் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் சாலைக்கு எடுக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த வேலைகளைக் கீழ்த்தளத்தில் செய்யாதீர்கள். பழைய பெட்ரோல் வடிப்பதும் முதல் தடவை ஸ்டார்ட் செய்வதும் திறந்த வெளியில் நடக்கட்டும். மூடிய இடத்தில் ஆவியும் புகையும் ஆபத்து. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். வண்டியை மறுபடி நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

பளபளப்பு வேறு, உயிர் வேறு

ஓடத் தொடங்கியதும் அடுத்த ஆசை பெயின்ட். டிங்கரிங் செய்து, பட்டி பூசி, இரண்டு நிறம் அடித்து, குரோம் மாட்டினால் புதுப்பெண் மாதிரிதான் இருக்கும். இந்தியாவிலிருந்து அப்படி மினுக்கி வெளிநாட்டுக்குப் போன பல பழைய ஸ்கூட்டர்களுக்கு அங்கே கெட்ட பெயர்தான் மிச்சம். பெயின்ட்டுக்குக் கீழே விரிசலும், வேறு மாடலின் பாகங்களும் இருந்ததுதான் காரணம். சேகரிப்பவர்கள் இன்று தேடுவது மங்கினாலும் அசலான பெயின்ட்டையும், ஃபிரேமிலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போவதையும்தான்.

சட்டமும் அதே பக்கம் நிற்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழமை வாகனமாகப் பதிவு செய்யலாம். ஃபிரேம், உடம்பு, எஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எண் பலகையில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து 'வி.ஏ.' என்று வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அந்தப் பதிவு செல்லாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். 1975-ல் லக்னோவிலிருந்து வந்த முதல் விஜய் சூப்பர்கள் இப்போதுதான் அந்த வயதைத் தொட்டிருக்கின்றன.

ஆகவே வீட்டில் இப்படி ஒரு வண்டி இருந்தால் இந்த வாரமே செய்யக்கூடிய வேலைகள் மூன்று. பீரோவில் பழைய ஆர்.சி. புத்தகத்தையும் வரி ரசீதையும் தேடி எடுங்கள். வண்டியில் உள்ள இரண்டு எண்களையும் துடைத்துப் படம் பிடித்து வையுங்கள். யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, உரியவர் காலமாகியிருந்தால் வாரிசுப் பெயருக்கு மாற்ற என்ன வேண்டும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். இவை கையில் இருந்தால் வண்டியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று நிதானமாக முடிவெடுக்கலாம். சங்கத்துக்கும் பார்க்கிங் இடத்தைப் பற்றி ஒரு தேதி சொல்ல முடியும். மிலானும் லக்னோவும் செய்வதை நிறுத்திவிட்ட வண்டி இது. எடைக்குப் போட்டால் அந்த எடைக்கு மேல் எதுவும் திரும்பி வராது.