ராஜ்யம் போன ராஜாவின் சீட்டுக்கட்டு

"சீட்டைத் தொட்ட கையோட சாமி ரூமுக்குள்ள போகாதடா" என்பார் எங்கள் ஆயா. பரீட்சை லீவில் நானும் தம்பியும் 'கழுதை' ஆடினால்கூட இதே திட்டுதான். சீட்டில் காசையும் நிலத்தையும் விட்டவர்கள் கதை ஓமலூர்ப் பக்கம் எல்லா ஊரிலும் உண்டு என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாமியையே சீட்டில் வரைந்து ஆடிய காலம் ஒன்று இருந்தது. அதன் உச்சம் நமக்குப் பக்கத்து மைசூரில்.

பக்கத்து மைசூர் என்றுகூடச் சொல்லக்கூடாது. ஓமலூர்க் கோட்டையில் திப்புவின் கொடி பறந்த காலம் உண்டே! 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில்தான் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்குப் போயின. அதற்கு இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1799-ல் திப்பு இறந்ததும் ஐந்து வயதுப் பையனைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். 1831-ல் நிர்வாகம் சரியில்லை என்று ஆங்கிலேயர் ஆட்சியைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1868-ல் இறக்கும்வரை அவர் பெயருக்கு மட்டும் ராஜா.

சும்மா இருக்கும் ராஜா என்ன செய்வார்? இவர் விளையாட்டுகளைக் கண்டுபிடித்தார்.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. இந்தியச் சீட்டுக்குக் கஞ்சிபா என்று பெயர். பாபர் 1527-ல் சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்கு ஒரு கட்டு அனுப்பியதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அக்பர் ஆடியது 12 இனம், 144 சீட்டு. அபுல் பசல் அதை ஒவ்வொன்றாக விவரிக்கிறார்: குதிரைகளின் அரசன், யானைகளின் அரசன், கோட்டைகளின் அரசன், கப்பல்களின் அரசன், பாம்புகளின் அரசன்... குதிரை ராஜா டில்லி பாதுஷாவாம், யானை ராஜா ஒரிசா மன்னராம். நம்முடைய இஸ்பேட் ராஜா, ஆட்டின் ராணியெல்லாம் இதற்கு முன்னால் சாதாரணம்!

இந்த ஆட்டம் ஊர் ஊராகப் பரவியபோது ஒவ்வொரு ஊரும் தன் சாமியை உள்ளே கொண்டுவந்தது. வங்காளத்து விஷ்ணுபூரிலும் மராட்டியத்து சாவந்த்வாடியிலும் தசாவதாரச் சீட்டு. பத்து அவதாரம், ஒவ்வொன்றுக்கும் ராஜா, மந்திரி, ஒன்றிலிருந்து பத்துவரை எண் சீட்டு; மொத்தம் 120. ஒடிசாவில் ராமாயணக் கட்டும் உண்டு. அதில் பாதி ராமன் கட்சி, பாதி ராவணன் கட்சி. செய்முறையும் சுவாரசியம். பழைய துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, வட்டமாக வெட்டி, கையால் வரைந்து அரக்குப் பூசுவார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் தனி நிறம் என்பதால் கையில் விரித்ததுமே எது எந்த இனம் என்று தெரிந்துவிடும்.

மைசூர் ராஜா இதையெல்லாம் பார்த்துவிட்டு, போதாது என்று நினைத்திருக்க வேண்டும். 'சட்' என்ற பெயரில் 13 வகை ஆட்டங்களை உருவாக்கினார். சிறிய கட்டில் 36 சீட்டு, பெரியதில் 360! சாமுண்டேஸ்வரி கட்டில் மட்டும் 320. இவற்றின் விவரமும் படங்களும் அவர் தொகுத்த 'ஸ்ரீதத்வநிதி' நூலின் கடைசிப் பகுதியான கௌதுக நிதியில் இருக்கின்றன.

இது வேலையில்லாதவரின் பொழுதுபோக்கு என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியே அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. சீட்டுக்குள் மட்டும் எந்தத் தெய்வம் எந்த நிறத்தில், எந்த வாகனத்தில், யாரை வெல்லும் என்பதெல்லாம் அவர் வைத்ததே சட்டம்.

19-ஆம் நூற்றாண்டில் அச்சடித்த மலிவான ஐரோப்பியச் சீட்டு வந்தது. அத்தோடு கையால் வரைந்தவை ஒதுங்கின. 1933-ல் ஜெர்மனியிலிருந்து பம்பாய் வந்த ருடால்ஃப் வான் லைடன் என்பவர் இவற்றைத் தேடிச் சேகரித்து எழுதினார். 1982-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் கண்காட்சியே நடந்தது. சாவந்த்வாடியில் அரச குடும்பமே ஓவியர்களைத் திரும்பக் கூட்டி வேலை கொடுத்தது. மைசூரில் ரகுபதி பட் பழைய பாணியை மீட்டு வரைந்தார். மைசூர்க் கஞ்சிபாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஆனால் இப்போது வாங்குகிறவர்கள் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். வெளிநாட்டில் கிக்ஸ்டார்ட்டர் மூலம் வருகிற அலங்காரக் கட்டுகளுக்கும் இதே கதிதான், பலர் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. ஓவியம் பிழைத்துவிட்டது, ஆட்டம் பிழைத்ததா என்பதுதான் என் சந்தேகம். ஏனென்றால் அந்த ஆட்டத்தின் விதிகளும் ஓவியத்துக்குக் குறைந்தவை இல்லை. பாதி இனங்களில் பத்துக்கு மதிப்பு அதிகம், மீதிப் பாதியில் ஒன்றுக்கு. எது இறங்கியது, எது பாக்கி என்று 120 சீட்டையும் மனதில் வைத்திருக்க வேண்டும். நமக்கு 52-க்கே மூச்சு வாங்குகிறது :-)

தசாவதாரப் படங்களை ஆயாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மச்சம், கூர்மம், வராகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "சரி, இதுல யாரு மொதல்ல எறக்கணும்?" என்றார்.

பகலில் ஆடினால் ராமர் சீட்டு வைத்திருப்பவர். பொழுது சாய்ந்துவிட்டால் கிருஷ்ணர்.